பிளைகேஷன் அறுவைக்குத் தமிழ்ச்சொல்: மடிப்பா, கொய்வா?

அன்புள்ள குழுவினருக்கு,
நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும். கழுத்துப் பகுதியின் 3, 4, 5ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து புறப்படும் ஃபிரெனிக் நரம்பு பழுதுபட்டால், உதரவிதானத்தின் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசை) அந்தப் பக்கத்துப் பாதி துவண்டு மேலேறிவிடுகிறது. மூச்சை இழுக்கையில் கீழிறங்க வேண்டியது மேலே எழும்புகிறது. அதை மடித்துத் தைக்கும் 'பிளைகேஷன்' அறுவையை 'உதரவிதான மடிப்பு' என்று எழுதினேன். படித்துப் பார்த்த செவிலியர், "வயிற்றில் விழும் மடிப்பா?" என்று கேட்டுவிட்டார்.
– மொழிபெயர்ப்பாளர்

சேலைக்குக் கொசுவம் வைப்பதை எண்ணிப் பாருங்கள். கொசுவத்தின் செவ்வடிவம் கொய்சகம். ஆடையைச் சுருக்கி அடுக்குவதும் கொய்தலே. எனவே 'கொய்வு' என்க. உதரமும் விதானமும் வடசொற்கள். இலங்கைப் பாடநூல்களில் உதரவிதானத்துக்குப் 'பிரிமென்றகடு' என்ற சொல் இருக்கையில் நமக்கென்ன குறை?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். கரையாத நூலால் வரிசை வரிசையாக மடிப்புப் பிடித்து, மத்தளத் தோலைப் போல விறைக்கும்வரை இழுத்துக் கட்டுகிறோம். கொசுவம் என்ற உவமை பொருத்தமே. ஆனால் 'கொய்வு' என்றால், உறுப்பையே பறித்தெடுக்கப் போகிறார்கள் என்று நோயாளி அஞ்சுவார். இந்த அறுவை தசைக்கு அசைவைத் திருப்பித் தருவதில்லை. அது எதிர்த்திசையில் எழும்பாமல் தடுத்து, நுரையீரல் விரிய இடம் விடுகிறது, அவ்வளவுதான். 'சீரமைப்பு' போன்ற ஆசைகாட்டும் சொற்களையும் தவிர்க்க வேண்டுகிறேன்.
– நெஞ்சக அறுவை மருத்துவர்

'பிரிமென்றகடு' படித்தே வளர்ந்தவன் நான். மாணவர்கள் அதனை 'மென்ற கடு' என்று பிரித்துவிட்டு எதை மென்றது என்று கேட்பார்கள். மென், தகடு என்று புணர்ச்சியை விளக்கி முடிப்பதற்குள் உடற்கூற்றுப் பாடவேளை போய்விடும். விதானமோ சிலப்பதிகார மங்கல வாழ்த்திலேயே 'நீல விதானத்து' என்று வந்துவிட்ட சொல்.
– யாழ்ப்பாண ஆசிரியர்

இளங்கோவடிகள் ஆண்டார் என்பதனால் வடசொல் தமிழாகிவிடாது.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மூவர் ஒப்பியதால் 'உதரவிதான மடிப்புத் தையல்' என்றே அனுப்பிவிட்டேன். 'பக்கவாதம்' பழகிய சொல்லாயினும், 'உதரவிதான வாதம்' மூட்டு வலியை நினைவூட்டும் என்பதால் 'செயலிழப்பு' என்று வைத்தேன்.
– மொழிபெயர்ப்பாளர்

'தையல்' என்பதற்குப் பெண் என்ற பொருளும் உண்டு. அச்சேறும் முன் கருத்தில் கொள்க.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்