மறு: 'டிரான்சிட்' சரக்கு – இடைத்தங்கலா, வழிப்போக்கா?

வணக்கம். ஒரு நாட்டின் வழியாக இன்னொரு நாட்டுக்குப் போகும் சரக்கைச் சுங்கத்தார் 'டிரான்சிட்' என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் வந்த கேள்வி இது:

> விமான நிலையத்தில் புழங்கும் 'இடைத்தங்கல்' என்பதையே சுங்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாமே?

விமானப் பயணி இறங்கி உட்கார்ந்து அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிறார், அவருக்குச் சரி. லாரிச் சரக்கு நடுவில் எங்கும் இறங்கிவிடக் கூடாது என்பதுதான் சுங்கத்தின் கவலையே.

நடப்பதைப் பாருங்கள். புறப்படும் இடத்தில் சுங்கத்தார் சரக்கைச் சரிபார்த்து, கதவுக்கு முத்திரையிட்டு, அதன் எண்ணை ஆவணத்தில் குறித்துவிடுகிறார்கள். பன்னாட்டுச் சாலைச் சரக்குப் போக்குவரத்துக்கான 1975ஆம் ஆண்டின் டிஐஆர் உடன்படிக்கைப்படி போகும் லாரி என்றால், முன்னும் பின்னும் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் டிஐஆர் என்றிருக்கும். ஓட்டுநர் கையில் கார்னே என்ற சுங்க ஆவணப் புத்தகம். நடுவில் வரும் நாட்டுக்குள் நுழையும்போது அதில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரை குத்துவார்கள். வெளியேறும்போது இன்னொரு தாள். சந்தேகம் வந்தாலொழியக் கதவைத் திறப்பதில்லை. அந்த நாட்டில் தீர்வையும் இல்லை. சரக்கு வழியில் மாயமானால்தான் தீர்வை விழும். லாரிக்காரர் கட்டாவிட்டால் பிணை நின்ற சங்கத்தின் தலையில்.

ஆகவே 'வழிப்போக்கு' என்பேன். வழிப்போக்குச் சரக்கு, வழிப்போக்கு நாடு, வழிப்போக்குச் சுங்கச்சாவடி எல்லாம் இழுபறியில்லாமல் அமைகின்றன. வழிப்போக்கரிடம் யாரும் வீட்டுவரி கேட்பதில்லை. அந்தக் குறிப்பும் சொல்லிலேயே கிடக்கிறது. இன்னொருவர் சொன்ன 'கடப்பு' எனக்கு ஒட்டவில்லை. இறக்குமதிச் சரக்கும் எல்லையைக் கடக்கத்தானே செய்கிறது?

அப்புறம், மேலே நானே 'முத்திரை' என்று இரண்டு வேறு பொருள்களில் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? கதவில் தொங்குவது ஒன்று, தாளில் குத்துவது இன்னொன்று. 'முத்திரை சிதைந்திருந்தது' என்று அறிக்கை வந்தால், மை கலைந்ததா, யாரோ கம்பியை அறுத்தார்களா? இரண்டாவது என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். கதவில் இருப்பதைப் 'பூட்டுமுத்திரை' என்று பிரித்துவிடலாம்.

சுங்கத்தை 'உல்கு' என்ற பழஞ்சொல்லாக்கலாம் என்றவருக்கு: பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து (வணிகக் கூட்டம்) போகிற வழியே 'உல்குடைப் பெருவழி'தான். தரைவழிச் சுங்கத்துக்கு அருமையான சாட்சி. ஆனாலும் எல்லோர் வாயிலும் இருக்கும் 'சுங்க'த்தைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கார்னேக்கு மட்டும் சொல் சிக்கவில்லை. 'வழிச்சீட்டு' என்றால் ஒற்றைத் தாள் போலத் தோன்றுகிறது. 'வழிப்போக்கு ஏடு' கொஞ்சம் விறைப்பு. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை கார்னே என்றே எழுதுகிறேன்.