கூகுள் வருகை குறைந்துள்ளது: தளத்தின் எல்லாக் கட்டுரைகளுக்கும் எஸ்இஓ மறுஆய்வு தேவையா?

மொட்டைமாடி விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். வீட்டுத்தோட்டம், மாடித்தோட்டம் குறித்துத் தமிழில் எழுதும் சிறு இணையதளம் ஒன்றை நானும் என் மைத்துனரும் 2013 முதல் நடத்தி வருகிறோம். கூகுள் தேடல் வழியாக வருவோரின் எண்ணிக்கை, 2025 ஆடி, ஆவணி மாதங்களில் இருந்ததைவிட ஐப்பசியில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. எஸ்இஓ (தேடல் முடிவுகளில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் பணி) செய்து தரும் நிறுவனம் ஒன்றை அணுகினோம். அவர்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை அக்டோபர், நவம்பர் மாதங்களோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் கொடுத்து, தளத்திலுள்ள கட்டுரைகள் அனைத்தையும் மாற்றி எழுதி வெளியீட்டுத் தேதிகளையும் புதுப்பிக்க வேண்டும் என்று அறிக்கை தந்துள்ளனர். அதற்கான கட்டணம் எங்கள் ஓராண்டு விளம்பர வருவாயைவிட அதிகம். ஒரு கட்டுரைக்கு மறுஆய்வு தேவைப்படுகிறது என்பதை எந்த அறிகுறிகளைக் கொண்டு முடிவு செய்வது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெண்டைக்காய்:
ஐயா, ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கூகுளில் தேடுவோருக்கும் பொருந்தும். ஆடியில் விதை வாங்குபவர்கள் அடைமழை கொட்டும் ஐப்பசியில் மண் கலவை பற்றி ஏன் தேடப் போகிறார்கள்? தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கும். சென்ற ஆண்டின் இதே அக்டோபர், நவம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதற்கு முன் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

மொட்டைமாடி விவசாயி:
ஒப்பிட்டுப் பார்த்தேன். சென்ற ஆண்டின் இதே காலத்தைவிடக் கிளிக்குகள் சிறிதளவே குறைந்துள்ளன. ஆனால் இம்ப்ரெஷன்கள் (தேடல் முடிவுகளில் எங்கள் பக்கங்கள் தோன்றிய எண்ணிக்கை) பெருமளவு சரிந்திருக்கின்றன. தேடல் முடிவுகளில் எங்கள் சராசரி இடமோ முன்னைவிட நன்றாக இருப்பதாகக் காட்டுகிறது. இவை ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் மேலும் குழம்பிவிட்டேன்.

தரவு நோக்கர்:
அந்த முரணுக்கு விளக்கம் உண்டு. ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் கேட்டுப் பெறும் வசதியைக் கூகுள் 2025 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. தரவரிசையை அளக்கும் மென்பொருள்கள் அதைப் பயன்படுத்தித்தான் எழுபதாம், எண்பதாம் இடத்தில் கிடந்த பக்கங்களையும் எடுத்துக்கொண்டிருந்தன. அந்த இயந்திர வருகைகளும் இம்ப்ரெஷன் கணக்கில் சேர்ந்துவந்தன. அவை நின்றதும் பல தளங்களில் இம்ப்ரெஷன் சரிந்து, அடிமட்ட இடங்கள் கணக்கிலிருந்து விலகியதால் சராசரி இடம் உயர்ந்ததுபோல் தெரிந்தது. கணினி, கைபேசி என்று பிரித்துப் பாருங்கள். சரிவு பெரும்பாலும் கணினியில் மட்டும் இருந்தால் காரணம் இதுவாகவே இருக்கும். எனவே செப்டம்பருக்கு முந்தைய இம்ப்ரெஷனைப் பிந்தையதோடு வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். கிளிக்குகளை மட்டும் நம்புங்கள்.

அடுத்து, கூகுளின் மாற்றங்கள் ஏதேனும் உங்களைப் பாதித்தனவா என்று பார்க்க வேண்டும். 2025-இல் நடந்த கோர் அப்டேட்களில் (தரவரிசை முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றங்கள்) ஒன்று ஜூன் 30 அன்று தொடங்கி ஜூலை 17 அன்று முடிந்தது. ஏமாற்று வழிகளில் முன்னேறும் பக்கங்களை ஒதுக்கும் ஸ்பேம் அப்டேட் ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 22 வரை நடந்தது. அவற்றால் அடிபட்ட தளமாக இருந்தால், அந்த நாள்களை ஒட்டியே கோடு செங்குத்தாக இறங்கியிருக்கும். நீங்கள் சொல்வதுபோல் ஆடியில் உச்சத்தில் இருந்து, பிறகு மெல்ல இறங்கும் கோடு பருவத்தின் கோடு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மறுஆய்வு தேவையா என்பதை ஒட்டுமொத்தத் தளத்தின் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; ஒரு பக்கத்தையும், அந்தப் பக்கத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும் தேடல் சொற்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். கிளிக் குறைந்த பக்கங்களை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து, அதன் சொற்பட்டியலைப் படியுங்கள். சொற்களும் இடமும் மாறாமல் கிளிக் மட்டும் குறைந்திருந்தால், முடிவுப் பக்கத்தின் மேற்புறத்தில் காணொளியோ ஏஐ சுருக்கமோ வந்து அமர்ந்திருக்கலாம். கட்டுரையை மாற்றி எழுதுவதால் அது சரியாகிவிடாது. மூன்றாம் நான்காம் இடத்தில் இருந்த பக்கம் பன்னிரண்டுக்குப் போயிருந்தால், உங்களைவிட நன்றாக யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று கொண்டு, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். மூன்றாவது வகையைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன்: நீங்கள் எழுதியது ஒன்று, பக்கம் தோன்றுவது வேறொரு கேள்விக்கு. உங்கள் மண் கலவைக் கட்டுரை எந்தெந்தத் தேடல்களுக்குத் தோன்றுகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

மொட்டைமாடி விவசாயி:
பார்த்தேன், வியப்பாக இருக்கிறது. "தக்காளிக்கு எந்த அளவு செடிப்பை" என்ற வகைத் தேடல்கள்தாம் அதிகம்; பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்கிறார்கள். கட்டுரையில் பை அளவு பற்றி ஒரு வரிகூட இல்லை. இடம் எட்டு, ஒன்பது. கிளிக் மிகக் குறைவு.

தரவு நோக்கர்:
மறுஆய்வு வேண்டிய பக்கத்துக்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் ஆகியவற்றின் விகிதத்தை எழுதிய இடத்திலேயே, எந்தச் செடிக்கு எவ்வளவு கொள்ளளவுள்ள பை என்பதையும் உங்கள் அனுபவத்திலிருந்து எழுதுங்கள். ஆங்கில எழுத்துத் தமிழைக் கட்டுரைக்குள் திணிக்க வேண்டாம். தமிழில் எழுதிய பக்கம் அந்தத் தேடல்களுக்கும் தோன்றுவதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். உள்ளடக்கத்தை மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றுவதை அடியோடு தவிருங்கள். புதியதுபோல் காட்டும் அந்த வேலையை, படிப்பவருக்காக அல்லாமல் தேடுபொறிக்காகச் செய்வதன் அறிகுறியாகவே கூகுளின் வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது.

நஞ்சை:
நான் வேளாண்மை படித்தவன். எஸ்இஓ எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்த உரையாடல் முழுவதும் கிளிக் குறைந்த பக்கங்களைப் பற்றியே இருப்பதால் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். 2013, 2014-இல் எழுதிய பூச்சிமேலாண்மைக் கட்டுரைகளில் எந்தெந்த மருந்துகளைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள்?

மொட்டைமாடி விவசாயி:
கத்தரியின் தண்டு மற்றும் காய்த்துளைப்பான் பற்றிய கட்டுரையில் டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ் ஆகியவற்றின் அளவு கொடுத்திருக்கிறோம். எங்கள் தளத்தில் ஆண்டு முழுவதும் நிலையாகப் படிக்கப்படும் கட்டுரை அது. நிறுவனத்தின் அறிக்கையிலும் வருகை நிலையாக உள்ளது என்ற பொருளில் அதற்குப் பச்சை நிறம்தான்.

நஞ்சை:
பச்சை நிறம்! ஒன்றிய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட ஆணை 18 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அவற்றில் 12 உடனடியாக நிறுத்தப்பட்டன. டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ், போரேட் உள்ளிட்ட எஞ்சிய 6 மருந்துகளுக்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. உங்கள் கட்டுரை ஆண்டு முழுவதும் படிக்கப்படுவதால், தடை செய்யப்பட்ட மருந்தின் அளவு இன்றும் பலருக்குப் போய்ச் சேர்கிறது. இன்றிரவே அந்தப் பத்திகளை நீக்கிவிட்டு, பாதிக்கப்பட்ட நுனித்தண்டுகளையும் காய்களையும் கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது ஆகியவற்றை எழுதுங்கள். எண்டோசல்ஃபான் என்ற சொல்லையும் தளம் முழுவதும் தேடிப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் அதை 2011-இலேயே தடுத்துவிட்டது என்றாலும், பழைய நூல்களைப் பார்த்து எழுதிய கட்டுரைகளில் இன்னும் தென்படுகிறது.

தரவு நோக்கர்:
நஞ்சை அவர்கள் சொன்னது என் வழிமுறையில் அகப்படாத ஒன்று. கிளிக் நிலையாக உள்ள பக்கத்தை எந்த வரைபடமும் சுட்டிக்காட்டாது. மருந்து, அரசுத் திட்டம், மானியம், விலை ஆகியவை இடம்பெறும் பக்கங்களைத் தனிப்பட்டியலாக்கி, வருகை கூடினாலும் குறைந்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் படித்துப் பார்ப்பது நல்லது. விதை நேர்த்தி, மூடாக்கு போன்றவற்றுக்கு அந்த அவசரமில்லை.

மொட்டைமாடி விவசாயி:
கத்தரிக் கட்டுரையைத் திருத்திவிட்டோம். கடைசியாக ஒரு சந்தேகம். பப்பாளி மாவுப்பூச்சி பற்றி மூன்று கட்டுரைகள் உள்ளன. ஒன்று மருந்து தெளிக்கச் சொல்கிறது. ஒன்று வேப்பெண்ணெய்க் கரைசல். மற்றொன்று, 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட அந்தப் பூச்சியை, 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகள் கட்டுப்படுத்திய வரலாறு. ஒரே தேடலுக்கு இவை மூன்றும் மாறி மாறித் தோன்றுகின்றன. எதுவும் முதல் பக்கத்தில் நிற்பதில்லை.

நஞ்சை:
மருந்து தெளித்தால் அந்தக் குளவிகளும் சாகும். உங்கள் முதல் கட்டுரையும் மூன்றாம் கட்டுரையும் ஒன்றையொன்று மறுக்கின்றன. தேடுபொறி கிடக்கட்டும், படிப்பவர் எதை நம்புவார்?

தரவு நோக்கர்:
மூன்றையும் ஒன்றாக்குங்கள். குளவி பற்றிய பக்கத்தின் முகவரியை வைத்துக்கொண்டு, வேப்பெண்ணெய்ப் பகுதியை அதில் சேர்த்து, மருந்துப் பகுதியை நஞ்சை அவர்கள் சொன்ன எச்சரிக்கையோடு திருத்தி எழுதிவிட்டு, மற்ற இரண்டு முகவரிகளையும் 301 வழிமாற்றின் (பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் அமைப்பு) மூலம் அதற்கே திருப்பிவிடுங்கள். வழிமாற்றைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. நீக்காமலே விட்டுவிட்டாலும் கேடில்லை. உங்கள் பிற கட்டுரைகளில் அந்தப் பழைய இரண்டுக்கும் கொடுத்துள்ள இணைப்புகளைப் புதிய முகவரிக்கு மாற்ற மறக்க வேண்டாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்தின் தலைப்பை மீண்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் எந்தத் திருத்தம் பலன் தந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.