நிண்டு ஓடுற ஜெட் ஸ்கி பத்து நிமிஷத்தில ஓய்ஞ்சு போகுது, அவசரம்

சிம்கோக்கரை (சனி, இரவு 9:12)
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் ஒரு பழைய ஜெட் ஸ்கி, தண்ணியில ஓடுற ஸ்கூட்டர், வாங்கினனான். இருந்து ஓடுறதில்லை, நிண்டு ஓடுறது. குளிர்காலம் முழுக்கக் கராஜுக்குள்ள வச்சுத் திருத்தி எல்லாம் புதுசு மாத்தியாச்சு. இண்டைக்குத்தான் சிம்கோ ஏரியில இறக்கினன். முதல் எட்டு நிமிஷம் தேன் மாதிரி ஓடிச்சுது. பிறகு முழு வேகத்தில இழுவை இல்லாமல் முக்கி முக்கி நிண்டிட்டுது. ஸ்டார்ட் பட்டனை அமத்தினால் சுத்துது, பத்துதில்லை. நீந்தித் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தன். கால் மணித்தியாலம் கழிச்சு ஒரே அமத்தில ஸ்டார்ட்! ஆனால் அஞ்சு நிமிஷத்தில திரும்பவும் அதே கதை. நாளைக்கு ஒரு நாள்தான் லீவு. ஆருக்காவது தெரிஞ்சால் கெதியாச் சொல்லுங்கோ.

ஹூஸ்டன்_மெரைன் (9:31)
எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எத்தனை சிசி? ஒரு கார்பரேட்டரா ரெண்டா? கம்ப்ரஷன் எவ்வளவு? நின்னதும் பிளக்கைக் கழட்டிப் பார்த்தீங்களா, ஈரமா காய்ஞ்சிருக்கா? "எல்லாம்" மாத்தினேன்னா எதெதுன்னு சொல்லுங்க.

பழைய_இரும்பு (9:40)
இந்த விவரங்களை முதல் பதிவிலேயே எழுத வேண்டும் என்று எத்தனை தடவைதான் சொல்வது? இன்னொன்று, ஜெட் ஸ்கி என்பது கவசாகியின் வணிகப் பெயர். 1973-ல் கிளேட்டன் ஜேக்கப்சனின் வடிவமைப்பை வைத்து அவர்கள் இறக்கிய வண்டிக்கு வைத்த பெயர் அது. உங்களிடம் இருப்பது கவசாகியா யமஹாவா என்று தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. வண்டியின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் கையேட்டைப் படிப்பது நல்லது.

சிம்கோக்கரை (9:55)
மன்னிக்கோணும், களைப்பில எழுதினது. யமஹா சூப்பர்ஜெட், 1992, சதுர மூக்கு. 650. மிக்குனி 38 காபரேற்றர் ஒண்டுதான். புது பிஸ்டன், ரிங், கேஸ்கெட் போட்டது. காபரேற்றருக்கு டயபிரம் செட் மாத்தினது. கொம்பிறசன் ரெண்டு சிலிண்டரிலும் 155 பிஎஸ்ஐ. புது பிஸ்டன் எண்டபடியால் பெட்ரோல் 32 பங்குக்கு எண்ணெய் ஒரு பங்கு, 32:1, கலந்தனான். பிளக் பாக்கேல்லை. கராஜில குளிர வைக்கத் தண்ணி ஹோஸ் பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் ஒரு பிழையும் இல்லை, அதுதான் விளங்கேல்லை.

டெட்ராய்ட்_நதி (10:08)
ஸ்டேட்டர், அதாவது பிளக் பொறிக்கு மின்சாரம் உண்டாக்குற சுருள். சந்தேகமே வேண்டாம். சூடானா நிக்குது, ஆறினா எழும்புதுன்னா அது மின்சாரம்தான். என் 650-லயும் இதே மாதிரி ரெண்டு கோடை போச்சு. கார்பரேட்டரை நாலு தடவை பிரிச்சேன், கடைசியில் ஸ்டேட்டர் சுருள்ல உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. குளிர்ந்திருக்கும்போது மீட்டர்ல சரியா காட்டும், சூட்டில் விரிஞ்சதும் தொடர்பு அறுந்துடும். நாளைக்கு நின்ன உடனே பிளக்கைக் கழட்டி ஹெட்டில் ஊன்றிச் சுத்தவிட்டுப் பொறி வருதான்னு பாருங்க. பிளக் ஓட்டையைத் துணியால் மூடிக்கோங்க, பெட்ரோல் ஆவி வெளியே வரும்.

பிலிப்_விரிகுடா (10:20)
தம்பி, டெட்ராய்ட்காரர் சொல்லுறது ஒரு பக்கம் இருக்கட்டும். கிராங்க் சீல், கிராங்க் தண்டைச் சுத்திக் காத்துப் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம், மாத்தினனீரோ? பட்டியலில காணேல்லையே. முப்பது வருஷப் பழைய சீல் இறுகிப்போய்க் காத்தை இழுக்கும். காத்துக் கூடினால் கலவை மெலியும், மெலிஞ்சால் பிஸ்டன் உருகும். மெல்பேர்னில நான் ஒரு பிஸ்டனை அப்பிடித்தான் பறிகொடுத்தனான். தலையில காசளவு ஓட்டை, விளிம்பெல்லாம் மெழுகு வழிஞ்ச மாதிரி. இன்டேக், எக்ஸோஸ்ட் ரெண்டையும் அடைச்சு, கிராங்க் கேஸின்ர துடிப்பைப் பெட்ரோல் பம்புக்குக் கொண்டுபோற பல்ஸ் குழாயால ஒரு ஏழு எட்டு பிஎஸ்ஐ காத்து அடிச்சு, நிக்குதோ இறங்குதோ எண்டு பாக்காமல் தண்ணியில விடாதேயும்.

பழைய_இரும்பு (10:26)
32:1 எதற்கு? யமஹா சொல்வது 50:1. பத்து லிட்டருக்கு 200 மில்லி. நீங்கள் ஊற்றியது 312 மில்லி. எண்ணெய் கூடினால் கார்பரேட்டரின் அதே ஜெட் துளை வழியாக வரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். பாதுகாப்பு என்று நினைத்துக் கலவையை மெலியவைக்கிறீர்கள்.

பிலிப்_விரிகுடா (10:33)
புது பிஸ்டன் போட்டால் முதல் தாங்கிக்கு எண்ணெய் கூட்டித்தான் விடோணும். இங்க பழைய வண்டி வச்சிருக்கிற எல்லாரும் செய்யிறது இது. நூறு மில்லி கூடினதால ஒரு எஞ்சின் எட்டு நிமிஷத்தில நிக்காது.

பழைய_இரும்பு (10:41)
எல்லாரும் செய்வது என்பது காரணம் ஆகாது. பழக்குகிற காலம் முடிந்தும் அதே அளவை ஊற்றிக்கொண்டிருப்பவர்களைத்தான் பார்க்கிறேன். எந்த எண்ணெய் என்றும் யாரும் கேட்கவில்லை. டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் இருக்க வேண்டும். ரோட்டு பைக்குக்கு விற்கிற டூ ஸ்ட்ரோக் எண்ணெய் தண்ணீரில் ஓடுகிற எஞ்சினுக்கு இல்லை.

டெட்ராய்ட்_நதி (10:47)
பைக் எண்ணெய் ஊத்தி பந்தயம் ஓட்டுறவங்களே இருக்காங்க சார்.

பிலிப்_விரிகுடா (10:52)
பந்தயக்காரர் கிழமைக்கு ஒருக்கா எஞ்சின் பிரிக்கிறவை. அதையும் இதையும் ஒப்பிடக்கூடாது. இந்த ஒண்டில பழைய_இரும்பு சொல்லுறது சரி.

ஹூஸ்டன்_மெரைன் (11:05)
எண்ணெயை அப்புறம் பேசிக்கலாம், அவர் காலையில் ஏரிக்குப் போகணும்.

சிம்கோ, நீங்க எழுதினதில் ஒரு விஷயம் இடிக்குது. கிராங்க் சீல் போயிருந்தா கால் மணி நேரம் ஆறவெச்சதும் தானா சரியாகாது. கராஜில் ஹோஸ் போட்டு ஓட்டும்போது எஞ்சின் சும்மா நின்ன இடத்தில் ஓடுது, பெட்ரோல் குடிக்கிறதே கொஞ்சம்தான். ஏரியில் முழு வேகத்தில் மளமளன்னு குடிக்கும். அதனால் எனக்கு டேங்க் மேல்தான் சந்தேகம். பெட்ரோல் குழாய்களை மாத்தினீங்களா? டேங்கோட காத்துக் குழாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வால்வு இருக்குமே, அதைக் கழட்டினீங்களா?

சிம்கோக்கரை (11:14)
ஓம், குழாய் எல்லாம் புதுசு. அந்த வால்வைக் கழட்டிக் கழுவிப் புதுக் குழாயில பூட்டினனான். முந்தி எந்தப் பக்கம் பாத்து இருந்தது எண்டு ஞாபகம் இல்லை. அதில பக்கம் இருக்கோ?

ஹூஸ்டன்_மெரைன் (11:29)
இருக்கு. அதுதான் விஷயமே. வண்டி கவிழ்ந்தா பெட்ரோல் ஏரியில் கொட்டக் கூடாது, அதுக்காக அந்த வால்வு ஒரு பக்கம் மட்டும்தான் விடும். வெளிக்காத்து டேங்குக்குள்ளே போகலாம், உள்ளே இருக்கிறது வெளியே வரக் கூடாது. அதைத் திருப்பி மாட்டிட்டா காத்து உள்ளே போக வழியே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள்ளே வெற்றிடம் கூடிட்டே போகும். மிக்குனியில் இருக்கிற பம்ப், கிராங்க் கேஸோட துடிப்பில் அசையுற ஒரு மெல்லிய டயபிரம், அவ்வளவுதான். அந்த வெற்றிடத்தை எதிர்த்து அதால் இழுக்க முடியாது.

கரையில் சும்மா வெச்சிருந்தா மூடி ரப்பர் வழியா, குழாய் இணைப்பு வழியா கொஞ்சம் கொஞ்சமா காத்துக் கசிஞ்சு உள்ளே போகும். உடனே ஸ்டார்ட் ஆகும். ஆனா பாதி வெற்றிடம் அப்படியே இருக்கும். அதனால்தான் முதல் தடவை எட்டு நிமிஷம் ஓடினது, ரெண்டாம் தடவை அஞ்சுதான் ஓடியிருக்கு. டேங்க் நிறைஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம் நிக்கும், மேலே காத்துக்கு இடமே இல்லையே.

நாளைக்கு நின்ன உடனே எதையும் கழட்டாதீங்க. பெட்ரோல் மூடியை மட்டும் மெதுவா திருகுங்க. உஸ்ஸுன்னு காத்தை உள்ளே இழுத்தா வால்வுதான். சத்தமே இல்லைன்னா டெட்ராய்ட் சொன்னபடி பொறியைப் பாருங்க.

ஹோஸ் போட்டு ஓட்டுறீங்கன்னு சொன்னதால் இதையும் சொல்லிடறேன். முதலில் எஞ்சின், அப்புறம்தான் தண்ணி. நிறுத்தும்போது முதலில் தண்ணி, அப்புறம் எஞ்சின். மாத்திச் செஞ்சா எக்ஸாஸ்ட் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ளே ஏறிடும். புது பிஸ்டன், பார்த்துக்கோங்க.

டெட்ராய்ட்_நதி (11:36)
இது எனக்குத் தோணலை. ஆனாலும் ஸ்டேட்டரை ஒரு தடவை அளந்துடுங்க.

பழைய_இரும்பு (11:44)
வால்வாக இருக்கலாம். பெட்ரோல் திறக்கிற குமிழையும் பாருங்கள். அதன் உள் ரப்பர் வளையம் காய்ந்தால் காற்றை இழுக்கும். அது உறிஞ்சுகிற பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டு கூடக் கசியாது, பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

சிம்கோக்கரை (ஞாயிறு, இரவு 8:50)
ஏழாம் நிமிஷம் நிண்டுது. மூடியைத் திருகினன், உஸ்ஸ் எண்டு நீளமா இழுத்திச்சுது, உடனே ஸ்டார்ட். வால்வு மாறித்தான் பூட்டியிருக்கிறன். திருப்பிப் போட்டு முக்கால் மணித்தியாலம் ஓடினன். ஹூஸ்டன் அண்ணை, எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. கை தூக்கேலாது, படுக்கப் போறன்.

பழைய_இரும்பு (9:15)
படுப்பது சரி. மூன்று தடவை பெட்ரோல் பட்டினியில் முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறீர்கள். எக்ஸாஸ்டைக் கழற்றி அந்த வாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டன் பக்கவாட்டில் நெடுங்கோடுகள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக் நிறத்தையும் எழுதுங்கள்.

பிலிப்_விரிகுடா (திங்கள், காலை 6:02)
கிராங்க் சீலையும் மறந்திடாதேயும் தம்பி. குளிருக்கு முதல் ஒருக்கா காத்து அடிச்சுப் பாரும்.

பழைய_இரும்பு (வியாழன், மாலை 7:20)
பிளக் நிறம்?

அலை_650 (12 நாள் கழித்து)
வணக்கம், எனக்கும் இதே பிரச்சினைதான். மூடியைத் திறந்தா சத்தம் வரலை, பிளக் நனைஞ்சிருக்கு. என்ன செய்யலாம்?

ஹூஸ்டன்_மெரைன்
நனைஞ்சிருந்தா அது வேற கதை, பெட்ரோல் வருது, எரியலை. எந்தக் கம்பெனி, எந்த வருஷம்?