பட்டி ரிச் பேண்டை முதன்முதலில் கேட்ட அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

அமெரிக்க ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச் தன் பெயரிலேயே நடத்திய பெரிய பேண்டை, அதுவும் ஸ்டூடியோவில் இல்லாமல் ஜனங்கள் முன்னால் வாசித்ததை, முதல் தடவை கேட்ட கதையை ஆளுக்கொன்றாக எழுதினால் நன்றாக இருக்கும். நான் தொடங்குகிறேன்.

எனக்கு அது ‘ஸ்விங்கிங் நியூ பிக் பேண்ட்’ என்ற இசைத்தட்டு. 1966 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலுமாக ஹாலிவுட்டில் ‘ஷே’ என்ற கிளப்பில் பதிவானது, பசிபிக் ஜாஸ் கம்பெனி வெளியிட்டது. ஒரு நண்பன் கேசட்டில் பதிந்து கொடுத்தான். பல மாதம் நான் அதை முழுசாகக் கேட்கவே இல்லை. நேராக வெஸ்ட் சைட் ஸ்டோரி மெட்லிக்கு (பல பாட்டுகளைக் கோத்த உருப்படி) ஓட்டிவிடுவேன். லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் மேடை நாடக இசையை பில் ரெட்டி என்பவர் இந்த பேண்டுக்காக மாற்றி எழுதினது, பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும், வேகம் மாறிக்கொண்டே இருக்கும், கடைசிப் பக்கமாக மொத்த பேண்டும் வாயை மூடிக்கொள்ள மனுஷன் தனியாக வாசிப்பார். அந்த இடத்துக்காகவே ரீவைண்ட் பட்டன் தேய்ந்தது. ஸ்னேர் டிரம்மில் ஒரு ரோலை (இரண்டு குச்சியாலும் விடாமல் உருட்டுகிற அடி) எறும்பு ஊருகிற மாதிரி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இனிமேல் ஏறாது என்று நாம் நினைக்கிற இடத்துக்கு மேலேயும் ஏற்றுவார், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும், ஒன்றோடொன்று ஒட்டாது.

எங்கள் தெருவில் லைட் மியூசிக் ட்ரூப்பில் டிரம்ஸ் வாசித்த அண்ணன் ஒருவர் இருந்தார். ஆசையாக அவரிடம் இதைப் போட்டுக் காட்டினேன். சோலோ முடிகிறவரை பேசாமல் கேட்டார். அப்புறம் கேசட்டைத் திருப்பி முதல் பாட்டிலிருந்து போடச் சொன்னார். “கை வேகத்தை விடுப்பா, அது உலகத்துக்கே தெரியும். ட்ரம்பெட்காரங்க எங்க மூச்சு வாங்குறாங்கன்னு கேளு, அந்த இடத்துல இவர் என்ன பண்றார்னு கேளு.”

கேட்டேன். அதற்கப்புறம் இந்த இசைத்தட்டு எனக்கு வேறு இசைத்தட்டாகிவிட்டது. ட்ரம்பெட், ட்ரோம்போன், சாக்ஸபோன் என்று ஒரு டஜன் பேர் வாயில் வாத்தியத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் ஒரே நொடியில் விழ வேண்டும், அதுவும் தாளத்துக்கு நேராக அல்ல, அரை இடம் தள்ளி. அதற்குச் சற்று முன்னால் ஸ்னேரிலோ பேஸ் டிரம்மிலோ சின்னதாக ஒரு தட்டு வரும். ‘வாங்கடா’ என்று கதவைத் திறந்துவிடுகிற மாதிரி. பித்தளை வாத்தியமெல்லாம் ஒரே ஆளாக உள்ளே நுழையும். மிருதங்கக்காரர் பாடகரின் சங்கதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கு மேல் விரல் வைப்பாரே, அந்தக் காரியம்தான் இது, ஆனால் ஒரு பாடகருக்கு அல்ல, பன்னிரண்டு பேருக்கு ஒரே நேரத்தில். அதை ‘பேசிக்கலி ப்ளூஸ்’ மாதிரி நிதானமான உருப்படியில் கேட்டால்தான் நன்றாகப் பிடிபடும். வேகமான இடத்தில் கண்ணைக் கட்டிவிடும்.

இதில் என்னை இன்றும் அசரவைக்கிற விஷயம், அவருக்கு நொட்டேஷன், அதாவது எழுதி வைத்த இசைக் குறிப்பு, படிக்கத் தெரியாது. 1917இல் புரூக்ளினில் பிறந்தவர், அப்பா அம்மா இருவரும் வாடெவில் (பாட்டு, ஆட்டம், வேடிக்கை எல்லாம் கலந்த நிகழ்ச்சி) மேடைக்காரர்கள், இரண்டு வயது நிரம்புவதற்குள் மேடையேறிவிட்டார், ‘ட்ராப்ஸ்’ என்ற பெயரில் குழந்தை அதிசயமாகக் காட்டினார்கள். உட்கார்ந்து பாடம் படிக்க நேரம் எங்கே? புது உருப்படி வந்தால் வேறொரு டிரம்மரை வாசிக்கவைத்து முன்னால் நின்று கேட்பார், அப்புறம் தானே உட்கார்ந்து வாசித்துவிடுவார். பேண்டில் எல்லோர் முன்னாலும் காகிதம், தலைவர் முன்னால் மட்டும் ஒன்றுமில்லை. அந்த மெட்லியின் அத்தனை திருப்பமும் காது வழியாக உள்ளே போய் உட்கார்ந்தது.

காலத்தையும் பாருங்கள். 1966 என்றால் பீட்டில்ஸ் காலம். ஆர்ட்டி ஷா, டாமி டார்ஸி பேண்டுகளில் அவர் வாசித்த பெரிய பேண்ட் யுகம் முடிந்து இருபது வருஷம். ஹாரி ஜேம்ஸ் பேண்டில் நல்ல வேலையை விட்டுவிட்டு, அந்தப் பதிவு நடக்கிற நாட்களில் 49 வயது முடிகிற ஆள், ஒரு பஸ் நிறைய ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிற பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார். அந்தப் பசி இசைத்தட்டு முழுக்கக் கேட்கும். அதனால்தான் ஸ்டூடியோ தட்டுகளைவிட இது எனக்கு ஒரு படி மேலே.

சரி, மற்றவர்கள் எழுதுங்கள்.

*

நான் அவரை நேரில் பார்த்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி, யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்த புதிது, கூட வேலை செய்த ஒரு ஜமைக்காக்காரர் ஃப்ரித் ஸ்ட்ரீட்டில் இருக்கிற ரானி ஸ்காட்ஸ் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிக்கெட் காசும் அவர்தான் போட்டார். ஜாஸ் என்றால் என்னவென்றே எனக்கு அப்போது தெரியாது.

இடம் சின்னது, மேசைகள் நெருக்கமாக இருக்கும். பேண்ட்காரர் எல்லாரும் என் மகன் வயது என்று இப்போது சொல்லலாம், அவ்வளவு இளம் பெடியன்கள். நடுவில் இவர் ஒருவர்தான் வயதானவர். 1983இல் மாரடைப்பு வந்து நான்கு குழாய்க்கு பைபாஸ் செய்த ஆள் என்று பக்கத்தில் இருந்தவர் காதுக்குள் சொன்னார், நான் நம்பவில்லை. எனக்குக் கண்ணில் நிற்பது அவருடைய இடது கை. வலது கையைப் போலக் குச்சியை மேலிருந்து பிடிக்காமல், உள்ளங்கை மேலே பார்க்க, பெருவிரல் இடுக்கில் வைத்துப் பிடித்திருந்தார். அந்தக் கை அசைவதே தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் வாசிப்பு மிகவும் மெல்லியதாகி, யாரோ கிளாஸை மேசையில் வைத்த சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. வைத்தவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

1987 ஏப்ரலில் அவர் இறந்த செய்தியை அதே ஜமைக்காக்காரர்தான் வந்து சொன்னார். நீங்கள் எழுதிய ‘கதவைத் திறந்துவிடுகிற’ அந்தத் தட்டை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. இருக்கிற பதிவுகளில் தேடிக் கேட்கப்போகிறேன்.

*

இரண்டு பேருக்கும் நன்றி. என் பங்கு சின்னது. மிருதங்கம் கற்றுக்கொள்கிறவன் நான், நான் இவரிடம் வந்தது தபேலா கலைஞர் அல்லா ரக்கா வழியாக. 1968இல் இருவரும் சேர்ந்து ‘ரிச் ஆ லா ரக்கா’ என்று ஒரு தட்டு போட்டார்கள், பண்டிட் ரவிசங்கரும் அதில் இருக்கிறார். பசிபிக் ஜாஸ் நடத்திய ரிச்சர்ட் பாக்தான் ரவிசங்கரின் தட்டுகளையும் அமெரிக்காவில் வெளியிட்டவர், அதனால் அந்தச் சந்திப்பு நடந்ததில் ஆச்சரியமில்லை. தபேலாவை எதிர்பார்த்துப் போட்டவனுக்கு இவர் கை புதிதாகப் பட்டது, அங்கிருந்து பெரிய பேண்டுக்குப் போனேன்.

என் ஓட்டு அதே வருஷம் லாஸ் வேகஸில் சீசர்ஸ் பேலஸில் பதிவான ‘மெர்சி, மெர்சி’க்கு. ஆல்டோ சாக்ஸபோனில் ஆர்ட் பெப்பர். ‘சேனல் ஒன் சூட்’ என்ற நீண்ட உருப்படியில் டான் மென்ஸா டெனர் சாக்ஸபோனில் துணையே இல்லாமல் தனியாக ஊதும் இடம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு பெரிய டிரம்மர், தன் பெயர் போட்ட தட்டு, அந்த நேரம் முழுக்க ஒரு அடி அடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். நேற்று ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை கேட்டேன்.