பழைய வால்வு பேஸ் அம்ப் பார்க்கத் தெரிந்தவர்கள் கொழும்பில் இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். தெகிவளையில் ஒருவர் 60களின் அம்பெக் பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ் என்ற வால்வு பேஸ் கிட்டார் அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) விற்கிறார். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் சின்ன க்ளப்களில் பாவித்தது இந்த வகை அம்ப்தான். 15 அங்குல ஸ்பீக்கர், வால்வுகள் இருக்கும் தலைப்பகுதியைக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். அந்த உருண்டையான சத்தத்துக்காகவே எனக்கு இது வேண்டும்.

ஆனால் இது அமெரிக்க செட், 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸில் அம்புக்குள்ளே இருக்கும் பவர் ட்ரான்ஸ்ஃபோமர் கூடுதலாகச் சூடாகுமே, மூன்று மணிநேர ஒத்திகையைத் தாங்குமா? யாராவது இப்படிப் பாவித்திருக்கிறீர்களா?

வயர் இன்னும் பழைய இரண்டு பின் வயர்தான், எர்த் இல்லை. போட்டவுடன் ம்ம் என்று ஓர் இரைச்சல், வொல்யூமைப் பூச்சியமாக்கினாலும் குறையவில்லை. மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று நினைக்கிறேன். அதில் நிற்கும் மின்சாரம் பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லும், அதனால் நானாகத் திறக்க மாட்டேன்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வால்வு ரேடியோ திருத்திய பழைய பாஸ்மார் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். காசு கொடுக்குமுன் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அப்புறம், இந்த அம்புக்குத் தேவையான 6எல்6 வகை வால்வு இங்கே எங்கே கிடைக்கும்?