கனமான டெலி லென்ஸைக் கையிலேயே பிடித்துப் பறவைப் படம் எடுப்பவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாம்பரத்தான்
பள்ளிக்கரணை, ரேடியல் ரோடு ஓரம், காலை நேரம். நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸ், டி500 கேமரா பாடி. சேர்த்துத் தூக்கினால் மூன்று கிலோவுக்கு மேல். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பார்த்தவர்களுக்குத் தெரியும்: இறக்கை படபடக்கும், அலகு நேர் கீழே குறிபார்க்கும், தலை மட்டும் ஆணி அடித்து மாட்டியதுபோல அசையாது. எனக்கோ இடது தோள் எரிய ஆரம்பித்துவிட்டது. இறக்கினால் அந்த நொடியில் பாய்ந்துவிடும் என்று இறக்கவும் மனம் வரவில்லை. அது பாயவே இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி நின்றது. அந்த அசையாத தலை இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நீங்களெல்லாம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறீர்கள்?

நெல்லைச்சீமை
தாக்குப்பிடிக்கவே வேண்டாம் அண்ணா. கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துக் கூட்டம். மேய்ந்துகொண்டிருந்த கழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. எழும்பப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதுவரை லென்ஸ் இடுப்புப் பக்கம்தான் இருந்தது. பறவையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவந்தேன். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, இடுப்பிலிருந்து உடம்பே திரும்பியது. ஷட்டர் 1/2500 நொடி. முன்னால் போன வாத்தின் தலையில் அந்த இரண்டு கருப்புப் பட்டையும் பளிச்சென்று விழுந்தன. அப்படி ஒரு சந்தோஷம்!

கடலோரம்
நெல்லைச்சீமை சொல்வது வாத்துக்குச் சரி. அந்தரத்தில் நிற்கும் மீன்கொத்திக்குச் சரிவராது. அது எப்போது பாயும் என்று யார் கண்டது? தூக்கியேதான் நிற்க வேண்டும். அதற்கு மோனோபாட், அதாவது ஒற்றைக்கால் தாங்கி, வேண்டும்.

என் அனுபவம் கோடியக்கரையில். பதினொரு மணி வெயில், பூநாரைக் கூட்டம். கை ஆடவே இல்லை, ஷட்டரும் 1/2000. ஆனாலும் கால்கள் எல்லாம் நெளிந்து நெளிந்து விழுந்தன. கானல். எந்த லென்ஸும் அதற்கு மருந்தில்லை, விடியலிலேயே போய்விட வேண்டும்.

புதியவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இடது கையை லென்ஸின் அடியில், எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் கொடுங்கள். லென்ஸைத் தாங்கியில் மாட்டும் காலர் அடிக்கட்டை உள்ளங்கையில் இடித்தால் அதை மேல்பக்கம் திருப்பிவிடுங்கள். வ்யூஃபைண்டரைப் புருவத்தோடு அழுத்துங்கள், அது மூன்றாவது தாங்கல். பாதி மூச்சு விட்டபின் ஷட்டரை அழுத்துங்கள். கிராப் பாடியில், அதாவது சென்சார் சிறிய கேமராவில், 500 மி.மீ. என்றால் 750 கணக்கு, உட்கார்ந்த பறவைக்கே 1/800 வையுங்கள். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள். படத்தில் புள்ளி விழுந்தால் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கலாக விழுந்த பறவைக் கண்ணை யாராலும் மீட்க முடியாது. பழகுவதற்குத் தெருக் காக்காய் போதும். வயலில் மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்கு இன்னும் நல்லது, மெதுவாகப் பறக்கும். அப்புறம், ஸ்டெபிலைசர் இருக்கிறது என்று ஷட்டரைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

கரண்டிவாயன்
கடைசியாகச் சொன்னீர்களே சார், அதற்கு ஒரு கும்பிடு. நம் கை ஆடுவதைத்தான் ஸ்டெபிலைசர் அடக்கும், பறவை அசைவதை அல்ல. மோனோபாட் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேடந்தாங்கல் கரையில் நிற்கிறேன், நத்தைகுத்தி நாரை ஒன்று தன் உடம்பைவிட நீளமான குச்சியைக் கவ்விக்கொண்டு என் தலைக்கு நேர் மேலே வருகிறது. அலகுக்கு நடுவில் உள்ள அந்த இடைவெளியில் வானம் தெரிந்தது! கையில் 500 பிஎஃப் என்ற எடை குறைந்த லென்ஸ், ஒன்றரைக் கிலோகூட இல்லை. பின்னால் சாய்ந்து தலைக்கு மேல்வரை தொடர்ந்தேன். மோனோபாடில் மாட்டியிருந்தால் அதற்குப் பாதி வழியிலேயே நின்றிருப்பேன்.