வேக்கம் ஹோஸில் ஒரு சொட்டு பெட்ரோல்

எங்கள் வீட்டில் 2003 மாடல் மாருதி எஸ்டீம் கார் ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியது. 1.3 லிட்டர், 16 வால்வு, எம்பிஎஃப்ஐ எஞ்சின், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் ரகம். நாலுவழிச் சாலையில் இன்றைக்கும் மூச்சு வாங்காமல் போகும். சிக்னலில் நின்றால்தான் தொல்லை. ஆர்பிஎம் ஊசி 800-இல் நிற்காது. 600-க்கு இறங்கும், 1,000-க்கு ஏறும், மறுபடி இறங்கும். ஸ்டீயரிங் உதறும். ஏசி ஓடினால் சில நேரம் ஆஃப் ஆகியே போகும். சூடான எஞ்சினை மறுபடி கிளப்ப, ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும்.

எட்டு மாதம் இதற்காக அலைந்தேன். பிளக், பிளக் ஒயர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தபோது நாலு நாள் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதைதான். ஓரிடத்தில் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னார்கள். இன்னோரிடத்தில் த்ராட்டில் ஸ்டாப்பர் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை (நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை) 1,100-க்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பழைய இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த ஸ்க்ரூவைத் தொட விடாதீர்கள். த்ராட்டில் முழுதாக மூடவில்லை என்றால், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகும். அது தன் ஐடில் கணக்கையே விட்டுவிடும்.

கடைசியாக ஒருவர், "பெட்ரோல் பிரஷர் ஜாஸ்தி. திருகு வைத்த ரெகுலேட்டர் போட்டுக் குறைத்துவிடலாம்" என்றார். இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் பிரஷரை அளவாக வைத்திருப்பதுதான் ரெகுலேட்டர். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. அங்கே ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகினால் எஞ்சின் சத்தமே பதில் சொல்லும். இங்கே இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதுவும், பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில். அதனால்தான் கம்பெனி ரெகுலேட்டரில் திருகே கிடையாது, ஓரத்தை மடித்து மூடியிருப்பார்கள். இந்த வண்டிகளில் பிரஷரை அளந்து பார்க்க வேண்டும். தப்பாக இருந்தால் ஏன் என்று தேட வேண்டும். நம் இஷ்டத்துக்கு வைக்கிற விஷயம் அது இல்லை.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் மதுரையில் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். ஸ்கேனரைக்கூட அவர் முதலில் எடுக்கவில்லை. "தம்பி, பிரஷர் கேஜ் வச்சுப் பாத்தாங்களா?" என்றார். "இல்லண்ணே, யாரும் வைக்கல" என்றேன்.

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தார். பம்ப் ரிலேவைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்தார். லைனில் மிச்சமிருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு எஞ்சின் தானாக அணைந்தது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஹோஸ் ஜாயிண்டில் துணியைச் சுற்றித்தான் லூஸ் செய்தார். பக்கத்தில் தீயணைப்பான் தயாராக இருந்தது. வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் இதில் ஒன்றையும் விட வேண்டாம்.

கேஜ் மாட்டி எஞ்சினை ஓடவிட்டபோது ஊசி இரண்டரை கிலோவை (சதுர சென்டிமீட்டருக்கு) ஒட்டி லேசாகத் துடித்தது. "ஐடில்ல இது சரியான நம்பர்தான்" என்றார். எனக்கு ஏமாற்றம். பிறகு எஞ்சினை அணைத்தார். அணைத்தபின்னும் பிரஷர் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஊசியோ கடிகார முள் போலக் கண்ணெதிரே இறங்கியது.

அடுத்து, ரெகுலேட்டர் தலையில் செருகியிருந்த பென்சில் தடிமன் வேக்கம் ஹோஸை உருவினார். அதன் நுனியைத் தன் உள்ளங்கையில் தட்டினார். ஒரு சொட்டு பெட்ரோல் விழுந்தது.

அந்த ஹோஸில் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் டயாஃபிரம், அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங்கும், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் உறிஞ்சலும். ஐடிலில் உறிஞ்சல் அதிகம், அதனால் பிரஷர் அரை கிலோ போலக் குறையும். ஹோஸைப் பிடுங்கினால் மூன்று கிலோவுக்கு ஏறும். நல்ல ரெகுலேட்டருக்கு இதுதான் பரீட்சை. என் வண்டியில் டயாஃபிரம் கிழிந்து, அந்த ஹோஸ் வழியாகவே பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அளந்து கொடுத்தது போக, கணக்கில் வராத ஒரு பங்கு. ஓட்டத்தில் அது கரைந்துவிடும், ஐடிலில் எஞ்சினுக்குப் புரையேறும். ஹோஸ் வாயை ஒரு போல்ட்டால் அடைத்து ஓடவிட்டார். எட்டு மாதம் உதறிய எஞ்சின் அரை நிமிடத்தில் அமைதியானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகரச் சொன்னார். ஆயிலில் பெட்ரோல் வாடை. ரெகுலேட்டரோடு எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் அன்றே மாற்றினோம். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைத் தின்றுவிடும். ஸ்டாப்பர் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் நேரம் பிடித்தது.

நண்பர் ஒருவரின் பழைய மாருதி ஜென் காரில் நேர்மாறான கதை. காலையில் நாலைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் கிளம்பும், ஐடிலில் மிஸ்ஸிங். அவருக்கும் இன்ஜெக்டர் மாற்றச் சொல்லியிருந்தார்கள். இதே மெக்கானிக்கிடம் அழைத்துப் போனேன். கேஜ் ஊசி ஒன்றே முக்கால் கிலோவைத் தாண்டவில்லை. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தார். பிரஷர் விருட்டென்று ஏறினால் பம்ப் நல்லது, ரெகுலேட்டர்தான் போயிருக்கிறது என்று அர்த்தமாம். ஏறவே இல்லை. டேங்கைத் திறந்தால், பம்ப் அடியில் இருக்கும் வலை முழுக்கச் செம்மண் போலத் துரு. வண்டி ஏழு மாதம் ஷெட்டில் சும்மா நின்றிருக்கிறது. டேங்கைக் கழுவி, வலையை மாற்றியதோடு சரி, பம்ப்கூட மாற்றவில்லை.

எஸ்டீமில் நடந்ததை வண்டியின் குறை என்று சொல்ல மாட்டேன். இருபது வருட ரப்பர் அது. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எங்கும் கிடைக்கிறது, அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. அதனால் எஞ்சின் பக்கத்துப் பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டேன். மாதம் ஒருமுறை அந்த வேக்கம் ஹோஸை உருவி உள்ளங்கையில் தட்டிப் பார்க்கிறேன். போன ஞாயிறும் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.